மைதானம் யார் பெயரில்?

இங்கிலாந்தின் நோர்தாம்டன் நகரில் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் என்று ஒரு சிறிய உதைபந்தாட்ட அரங்கு இருக்கிறது. அதற்கு வெளியே ஒரு மண்மேடு. 2013–14 பருவத்தில் போட்டி நாட்களில் அந்த மேட்டில் வானநீலச் சட்டை போட்ட ஒரு கூட்டம் நின்று ஆட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தது. மேட்டிலிருந்து மைதானம் முழுதாகத் தெரியாது. மழை வந்தால் ஒதுங்கக் கூரை இல்லை. உள்ளேயோ ஆயிரக்கணக்கான கதிரைகள் காலி. வெளியே நின்றவர்கள் டிக்கட் வாங்க வழியில்லாதவர்கள் அல்லர். தங்கள் காசில் ஒரு சதம்கூடக் கழக முதலாளியின் கைக்குப் போகக் கூடாது என்று தீர்மானித்தவர்கள். அதற்காக அணியைப் பார்க்காமல் இருக்கவும் அவர்களால் முடியவில்லை.

அவர்கள் கொவென்ட்ரி சிட்டி கழகத்தின் ரசிகர்கள். கொவென்ட்ரியிலிருந்து நோர்தாம்டன் சுமார் 35 மைல். 1960களில் கழகத்தைத் தூக்கி நிறுத்திய பயிற்சியாளர் ஜிம்மி ஹில்லின் பெயரையே அந்த மேட்டுக்கும் வைத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய சொந்த நகரில் 32,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய நவீன அரங்கு ஒன்று அப்போது சும்மா கிடந்தது. அவர்களுடைய அணிக்காகவே கட்டப்பட்ட அரங்கு அது. அரங்கு ஒருவர் கையில், கழகம் இன்னொருவர் கையில். இருவருக்கும் வாடகைத் தகராறு.

இனி நம் பக்கம் வருவோம். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போகும் ஏ9 வீதியில் பலாபத்வல இருக்கிறது. வீதியோரம் வாசனைத்திரவியத் தோட்டங்கள், சற்று உள்ளே தள்ளிப் போனால் தேயிலையும் இறப்பரும். சனிக்கிழமை இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ தொலைக்காட்சி முன் உட்கார்ந்து லிவர்பூலுக்கும் மன்செஸ்டருக்கும் கத்துகிற இளைஞர்கள் மலைநாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் திரையில் தெரிகிற அந்தப் பச்சைப் புல் யாருக்குச் சொந்தம் என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. நம் ஊர்களில் 'கிரவுண்ட்' என்பது பிரதேச சபையுடையது, பாடசாலையுடையது, அல்லது தோட்ட நிர்வாகத்துடையது. விளையாடுகிற கழகம் கடிதம் எழுதி அனுமதி வாங்கும். ஆட்டம் முடிந்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

இங்கிலாந்தில் கதை வேறு. நூறு வருடங்களுக்கு முன்பே ஆலைத் தொழிலாளர்களும் தேவாலயச் சங்கத்தாரும் சேர்ந்து கழகம் தொடங்கி, நகரின் நடுவிலேயே காணி பிடித்துவிட்டார்கள். கொவென்ட்ரி சிட்டியை 1883 இல் தொடங்கியவர்கள் சிங்கர் சைக்கிள் தொழிற்சாலை ஊழியர்கள். 1899 முதல் 2005 வரை ஹைஃபீல்ட் ரோட் மைதானம்தான் அவர்களுடைய வீடு. கழகம் பணத்துக்குத் திண்டாடிய காலத்தில் அந்தக் காணி விலைப்பட்டது. இன்று அங்கே குடியிருப்பு வீடுகள் நிற்கின்றன.

பதிலுக்கு வந்தது நகரின் வடக்கே, பழைய எரிவாயுத் தொழிற்சாலைக் காணியில் கட்டிய ரிக்கோ அரீனா. 2005 ஓகஸ்டில் திறந்தார்கள். அரங்கை நடத்திய கம்பனியில் பாதிப் பங்கு மாநகர சபைக்கு. மறுபாதி கழகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கட்டி முடியுமுன்பே கையில் காசில்லாமல் கழகம் தன் பங்கை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆக, புது வீட்டுக்குக் குடிபோனபோதே கழகம் வாடகைக்காரன்தான். வருடத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் பவுணுக்கு மேல் வாடகை. தன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர் குடிக்கும் தேநீர், தின்னும் பை, கார் நிறுத்தும் கட்டணம் ஆகிய எதிலும் கழகத்துக்கு உருப்படியான பங்கு கிடையாது.

கழகம் ஏன் நொடித்தது என்று தேடுகிறவர் பந்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பார்த்தால் போதும்.

2007 டிசம்பரில் கழகம் வங்குரோத்தாகும் தறுவாயில் சிசு கேப்பிட்டல் என்ற லண்டன் முதலீட்டு நிறுவனம் வந்து வாங்கியது. முதலில் ரசிகர்கள் காப்பாற்றியவர்கள் என்றே வரவேற்றார்கள். ஐந்தாவது வருடத்தில், 2012 இல், அணி மூன்றாம் தரத்துக்கு இறங்கியது. அதே வருடம் சிசு வாடகை கட்டுவதை நிறுத்தியது. வாடகை அநியாயம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாநகர சபை சும்மா இருக்கவில்லை. 2013 ஜனவரியில் அரங்குக் கம்பனியின் வங்கிக் கடனைத் தீர்க்க 1 கோடியே 44 இலட்சம் பவுண் கடன் கொடுத்தது. அது சட்டவிரோதமான அரச உதவி என்று சிசு நீதிமன்றம் போனது. 2014 இல் மேல்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீடு, அதன் மேல் இன்னொன்று என்று வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் அணி மூட்டை கட்டிக்கொண்டு நோர்தாம்டனுக்குப் போனது. அங்கே வந்து பார்த்தவர்கள் சராசரியாக இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.

அந்த நாட்களில் ரசிகர்களின் மனநிலையைப் புரிந்துகொள்ள ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதலாளியை மட்டும் சந்தேகிக்கவில்லை. சிசு அரங்கை அடிமாட்டு விலைக்கு வாங்கத்தான் கழகத்தைப் பட்டினி போடுகிறது என்றார்கள் பலர். மாநகர சபை கழகத்தை வேண்டுமென்றே முடக்குகிறது என்றார்கள் வேறு சிலர். பேச்சுவார்த்தை மூடிய கதவுக்குள். வெளியே வருவது இரு பக்கத்து அறிக்கைகள் மட்டும். 'நாங்கள் நியாயமான விலை சொன்னோம், அவர்கள்தான் மறுத்தார்கள்' என்று இரண்டு அறிக்கையும் சொல்லும். விலை என்ன என்பதை ஒன்றும் சொல்லாது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2014 செப்டம்பரில் எப்படியோ ஒரு சமரசம் வந்தது. ஜில்லிங்ஹாம் அணியுடன் நடந்த ஆட்டத்துக்குக் கழகம் சொந்த நகருக்குத் திரும்பியபோது 27,306 பேர் வந்து நிறைந்தார்கள். நோர்தாம்டனுக்குப் போக மறுத்தவர்கள் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்தது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. சில வாரங்களிலேயே மாநகர சபையும் தொண்டு நிறுவனமும் தங்கள் பங்குகளை வொஸ்ப்ஸ் என்ற ரக்பி கழகத்துக்கு விற்றன. கூடவே 250 வருடக் குத்தகை. வொஸ்ப்ஸ் கொவென்ட்ரி அணியே அல்ல. தெற்கே வைகொம்ப் பக்கத்திலிருந்து வந்தது. தன் நகரிலேயே, தனக்காகக் கட்டிய அரங்கில், வெளியூர் ரக்பி அணிக்கு உதைபந்தாட்டக் கழகம் வாடகை கட்டியது. சிசு வழக்குகளைக் கைவிட்டால்தான் புதிய ஒப்பந்தம் என்று வொஸ்ப்ஸ் பிடிவாதம் பிடிக்க, 2019 இல் அணி மறுபடியும் நாடோடியானது. இம்முறை பேர்மிங்ஹாம்; இரண்டு பருவங்கள். 2020 இல் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து புது அரங்கு கட்டப்போவதாகக் கழகம் அறிவித்தது. ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த அரங்கு கட்டப்படவில்லை.

2021 இல் திரும்பி வந்தார்கள். 2022 கோடையில் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின் ரக்பி ஆட்டங்கள் அதே புல்லில் நடக்க, தரை பாழாகி, அங்கே நடக்கவிருந்த கொவென்ட்ரியின் தொடக்க ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. வாடகைக்காரன் நிலைமை அப்படித்தான். அதே ஒக்டோபரில் வொஸ்ப்ஸ் கடனில் மூழ்கியது. அரங்கை மைக் ஆஷ்லியின் ஃபிரேசர்ஸ் குழுமம் 1 கோடியே 70 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. டிசம்பரிலேயே கழகத்தின் கையில் வெளியேறச் சொல்லும் அறிவித்தல்! புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தப்பித்தார்கள். 2023 ஜனவரியில் உள்ளூர்த் தொழிலதிபர் டக் கிங் சிசுவிடமிருந்து கழகத்தை வாங்கினார். 2025 ஓகஸ்டில் அரங்கையும் வாங்கியதாக அறிவித்தார். ஹைஃபீல்ட் ரோட்டை விட்டு வெளியேறி இருபது வருடம் கழித்துக் கழகமும் கூரையும் ஒரே பக்கத்துக்கு வந்தன.

இந்தக் கதையை வாசிக்கிற மலையகத்தவருக்கு ஒரு விஷயம் விளக்காமலே விளங்கும். 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை வந்தடைந்தது ஒரு நடைபவனி. இந்தியாவிலிருந்து முன்னோர் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்த அந்தப் பயணத்தின் கோரிக்கைகளில் காணியும் வீட்டுரிமையும் முன்னுக்கு நின்றன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்துக்கு உறுதி இல்லாதவர்கள், உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வியின் கனத்தை அறிவார்கள். உதைபந்தாட்ட ரசிகனின் இழப்பு அந்த அளவுக்குப் பெரியதல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. ஆனால் உழைப்பும் பாசமும் ஒருவருடையதாகவும் பத்திரம் வேறொருவருடையதாகவும் இருக்கும்போது பிறக்கிற சந்தேகம் ஒரே இனம்தான்.

முதலாளிகள் ஏன் அரங்கைக் கழகத்திலிருந்து பிரித்தெடுக்கிறார்கள்? காரணம் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். டார்பி கவுண்டி கழகத்தின் பிரைட் பார்க் அரங்கை 2018 இல் அதன் உரிமையாளர் மெல் மொரிஸ் தன் இன்னொரு கம்பனிக்கு 8 கோடியே 10 இலட்சம் பவுணுக்கு விற்றார். அதாவது இடது கையிலிருந்து வலது கைக்கு. கழகத்தின் ஏட்டில் நட்டம் மறைந்து இலாபம் வந்தது. செலவுக் கட்டுப்பாட்டு விதியிலிருந்தும் கழகம் தப்பியது. 2021 செப்டம்பரில் கழகம் நொடித்துப்போனபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. கழகத்தை வாங்க வந்தவர்களுக்கு மைதானம் கிடையாது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும். கடைசியில் 2022 இல் உள்ளூர்க்காரர் டேவிட் க்ளோஸ் முதலில் அரங்கையும் பிறகு கழகத்தையும் வாங்கி முடிச்சை அவிழ்த்தார். பெரி கழகத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. 1885 இல் தொடங்கிய அந்தக் கழகம், மைதானமே அடமானத்தில் கிடக்க, 2019 ஓகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்த முதலாளிகளையும் ரசிகர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். சிங்கப்பூர்க் கோடீஸ்வரர் பீட்டர் லிம் 2014 இல் ஸ்பெயினின் வலென்சியா கழகத்தை வாங்கினார். அவர் வரும் முன்பே, 2009 இல், புதிய அரங்கின் வேலை பாதியில் நின்றுபோயிருந்தது. நகரத்துக்குள் வெறும் கொங்கிரீட் எலும்புக்கூடு. அவர் காலத்திலும் பத்து வருடம் அது அப்படியே நின்றது; 2025 ஜனவரியில்தான் வேலை மறுபடி தொடங்கியது. 'லிம், வீட்டுக்குப் போ' என்பது அங்கே மைதானக் கோஷமே ஆகிவிட்டது. ஹல் சிட்டியை வாங்கிய எகிப்தில் பிறந்த தொழிலதிபர் அஸ்ஸெம் அல்லாமின் கதை இன்னும் சுவாரசியம். அரங்கைத் தனக்கு விற்கும்படி அவர் மாநகர சபையைக் கேட்டார். சபை மறுத்தது. ஊர்ப் பணத்தில் கட்டிய அரங்கு அது. கோபத்தில் கழகத்தின் பெயரையே 'ஹல் டைகர்ஸ்' என்று மாற்றப் புறப்பட்டார். ரசிகர்கள் கொடி பிடித்தார்கள். 2014 ஏப்ரலில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் பெயர்மாற்றத்தை நிராகரித்தது. அரங்கு சபையின் கையில் இல்லாதிருந்தால் அந்த மோதல் எங்கே போய் முடிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் மைதானம் அரசாங்கத்தின் கையில் இருந்தால் ரசிகர் நிம்மதியாகத் தூங்கலாமா? இந்தியாவைப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. இந்தியன் சூப்பர் லீக் அணிகள் பெரும்பாலும் அரசு அரங்குகளில்தான் ஆடுகின்றன. சென்னையின் ஜவாஹர்லால் நேரு அரங்கு தமிழக அரசினுடையது. கொச்சியின் கலூர் அரங்கு நகர அபிவிருத்தி ஆணையத்தினுடையது. காணியை விற்க முதலாளிக்கு வழியில்லை. அதனாலேயே அவரை ஓர் ஊரில் கட்டிவைக்கவும் எதுவும் இல்லை. டெல்லி டைனமோஸ் 2019 இல் ஒடிசா எஃப்.சி. ஆகிப் புவனேஸ்வருக்குப் போனது. டெல்லி ரசிகர்களை யாரும் கேட்கவில்லை.

கொல்கத்தா தனி ரகம். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் நூறு வருடப் பழமையான கழகங்கள். அவற்றின் மைதானங்கள் இருக்கும் மைதான் புல்வெளி இராணுவத்தின் காணி. 2020 இல் ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் ஈஸ்ட் பெங்காலுக்குள் முதலீட்டாளராக வந்தது. பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று; இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கழக நிர்வாகிகள் மறுத்தார்கள், உரிமை முழுவதும் என்றென்றைக்குமாகக் கைமாறிவிடும் என்று சொல்லி. 2021 ஜூலை 21 இல் ரசிகர்கள் கழகக் கூடாரத்தின் முன் திரண்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அன்றைக்கு வந்தவர்களில் பலருடைய கோபம் பணக்கார முதலீட்டாளர் மேல் இல்லை. கையெழுத்துப் போடாத தங்கள் சொந்த நிர்வாகிகள் மேல். நிர்வாகிகளுக்கு ஆதரவாக இன்னொரு கூட்டமும் வந்தது. கைகலப்பு, பொலிஸ் தடியடி. அடுத்த வருடம் ஸ்ரீ சிமெண்ட் விலகியது. அவநம்பிக்கை என்பது எப்போதும் வெளியாள் மேல் மட்டும் வருவதில்லை.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ரசிகர் என்ன செய்துவிட முடியும்? எதிர்பார்த்ததைவிட நிறையவே செய்திருக்கிறார்கள். லண்டனின் சார்ல்டன் கழகம் 1985 இல் தன் 'வெலி' மைதானத்தை விட்டுப் போனது. திரும்பிவரத் திட்டம் போட்டபோது உள்ளூராட்சி சபை அனுமதி மறுத்தது. ரசிகர்கள் 1990 தேர்தலில் 'வெலி கட்சி' என்று சொந்தக் கட்சியே தொடங்கி 14,838 வாக்குகள் எடுத்தார்கள். ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் சபை பயந்துவிட்டது. 1992 டிசம்பரில் அணி வீடு திரும்பியது. அதே சார்ல்டன் ரசிகர்களும் கொவென்ட்ரி ரசிகர்களும் 2016 ஒக்டோபரில் ஒரு ஆட்டத்தில் கைகோத்து, அவரவர் முதலாளிக்கு எதிராக நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் பன்றிக்குட்டிகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். பன்றிகளைப் பொறுக்கி முடிக்கும் வரை ஆட்டம் நின்றது. எதிரணி ரசிகர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து உதைபந்தாட்ட உலகம் பார்த்தது குறைவு.

செல்சியில் நடந்தது அமைதியான முறை. 1993 இல் தொடங்கிய 'செல்சி பிட்ச் ஓனர்ஸ்' என்ற ரசிகர் பங்குக் கம்பனிதான் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் புல்தரையின் உறுதிக்குச் சொந்தக்காரர். 2011 ஒக்டோபரில் ரோமன் அப்ரமோவிச்சின் கழகம் அந்த உறுதியைத் திரும்ப வாங்க முயன்றது. 75 சதவீத வாக்கு தேவை, 61.6 தான் கிடைத்தது. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், நூறு பவுண் பங்கு வைத்திருந்த மனிதர்களிடம் தோற்றார். கழகத்துக்கு வெற்றி மேல் வெற்றி வாங்கித் தந்த முதலாளியைக்கூடக் காணி விஷயத்தில் நம்பவில்லை அவர்கள்.

அடுத்தது விம்பிள்டன், நம் ஆட்களுக்குக் கணபதி கோயிலால் பழக்கமான ஊர். அந்த ஊர்க் கழகத்தின் பிளவ் லேன் மைதானம் 1998 இல் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2002 இல் கழகத்தையே வெகுதூரத்து மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதியும் கிடைத்தது. ரசிகர்கள் அதே வருடம் பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள்; கீழ்மட்ட லீக்கிலிருந்து படிப்படியாக ஏறினார்கள்; கடன்பத்திரம் விற்றுப் பணம் சேர்த்து 2020 நவம்பரில் பிளவ் லேனிலேயே புது அரங்கில் ஆடினார்கள்.

இந்தப் போராட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் சட்டத்தை அசைத்தன. 2025 ஜூலை 21 இல் பிரித்தானியாவில் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தின் முதல் ஐந்து தரக் கழகங்களுக்குச் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவர். இனி மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேறிடம் போகவோ அவருடைய அனுமதி வேண்டும். ரசிகர்களுடன் கலந்தாலோசிக்கவும் வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே பிரிந்துபோன மைதானங்களை இது தானாகக் கொண்டுவந்து ஒட்டிவிடாது.

ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயின் ஹில்ஸ்பரோ அரங்கு அப்படிப் பிரிந்தது. தாய்லாந்து முதலாளி டெஜ்போன் சான்சிரி அதை 6 கோடி பவுணுக்குத் தன் வேறொரு கம்பனிக்கு மாற்றினார். அந்த விற்பனையைக் கணக்கில் காட்டிய விதத்துக்காகக் கழகம் 2020 இல் புள்ளிகளை இழந்தது. பிறகு சம்பளமே நேரத்துக்கு வராத மாதங்கள் வந்தன. 2025 ஒக்டோபர் 22 இல் மிடில்ஸ்பரோவுடனான ஆட்டத்தை ரசிகர்கள் புறக்கணித்தார்கள். பெரிய அரங்கில் எங்கு பார்த்தாலும் வெறும் கதிரை. இரண்டே நாளில் கழகமும் அரங்குக் கம்பனியும் சேர்ந்தே நொடிப்பு நிர்வாகத்தின் கீழ் வந்தன. தண்டனையாக 12 புள்ளிகள் வெட்டு. கடைசி இடங்களில் கிடந்த அணிக்கு அது பேரிடி. அன்று ஹில்ஸ்பரோவின் கழகக் கடை வாசலிலும் டிக்கட் ஜன்னலிலும் நீண்ட வரிசை. இரண்டு நாளுக்கு முன் ஒரு சதமும் தர மாட்டோம் என்றவர்கள், முதலாளி போனார் என்றதும் காசை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நிர்வாகிகள் புதிதாக வாங்குபவரைத் தேடத் தொடங்கியபோது கழகத்தையும் அரங்கையும் ஒன்றாகவே விலைக்கு வைத்தார்கள்.